பீங்கான் நகரத்திலிருந்து முனைவர் ஆய்வுக்கு: அறிவியல், தொழில்நுட்ப ஆராய்ச்சியில் பட்டியல் சாதி மாணவர்களுக்குள்ள வழிகளும் அடைப்புகளும்

கடலூர் மாவட்டத்து விருத்தாசலத்தைப் பீங்கான் நகரம் என்பர். நெய்வேலிச் சுரங்கங்களில் பழுப்பு நிலக்கரியை எடுப்பதற்காக மேல்மண்ணை அகற்றும்போது வெண்களிமண்ணும் உடன் வெளிப்படுகிறது. அந்த மண்ணை நம்பி எழுந்த செராமிக் தொழிற்பேட்டையும் அதையொட்டிய சிறு ஆலைகளும் இன்சுலேட்டர்கள், ஃபியூஸ் கேரியர்கள், கோப்பைகள், பொம்மைகள் எனப் பலவற்றைச் செய்து வெளியூர்களுக்கு அனுப்பி வந்துள்ளன. அரசின் செராமிக் தொழில்நுட்பப் பயிலகமும் இதே ஊரில்தான் உள்ளது. ஆனால் இத்துறையில் இந்நகரம் தரும் கல்வி பட்டயத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் பயில விரும்புவோர் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் செராமிக் தொழில்நுட்பத் துறையையோ, வாரணாசியிலுள்ள ஐஐடி, ரூர்கேலாவிலுள்ள என்ஐடி போன்ற தொலைதூர நிறுவனங்களையோ நாட வேண்டும். முனைவர் ஆய்வு எனில் தொலைவு இன்னும் கூடுகிறது.

இந்தத் தொலைவைக் கிலோமீட்டரில் மட்டும் அளந்துவிட முடியாது. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் மாவட்ட மக்களில் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டின் சராசரியோ 20 விழுக்காடு. மண் சுமப்பதற்கும் சூளையருகே நிற்பதற்கும் இம்மக்களின் கைகள் தேவைப்படுகின்றன. அந்த மண் 1,200 டிகிரி செல்சியசுக்கு மேல் சுடப்படும்போது அதனுள் முல்லைட் படிகம் எவ்வாறு உருவாகிறது என்று ஆராய்பவர்களின் பட்டியலில் அவர்களுடைய பிள்ளைகளின் பெயர்கள் எத்தனை இருக்கின்றன என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. முனைவர் ஆய்வுக்கு இன்று என்னென்ன வாயில்கள் உள்ளன, எங்கே பணம் கிடைக்கும், எங்கே கதவு சாத்தப்படுகிறது என்பவற்றை விருத்தாசலத்தை முன்னிறுத்தித் தொகுத்துத் தருகிறோம். செராமிக் பயிலும் மாணவர்களுக்கு மட்டுமன்றி இயற்பியல், வேதியியல், பொறியியல் மாணவர் அனைவருக்கும் இதிற் பெரும்பகுதி பொருந்தும்.

1942 ஆம் ஆண்டுக் கோரிக்கை

ஒடுக்கப்பட்டோருக்கு அறிவியல் ஆராய்ச்சி எதற்கு, ஓர் அரசுப் பணி கிடைத்தால் போதாதா என்ற கேள்வியை நம் ஊர்களிலும் கேட்கிறோம். இதற்கு அண்ணல் அம்பேத்கர் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே விடையளித்துவிட்டார். வைஸ்ராயின் நிர்வாகக் குழு உறுப்பினராக இருந்த அவர், 1942 அக்டோபரில் வைஸ்ராய் லின்லித்கோவிடம் பட்டியல் சாதியினரின் குறைகள் குறித்து ஒரு மனுவை அளித்தார். கலை, சட்டப் படிப்புகளால் இம்மக்களுக்குப் பெரும்பயன் விளையாது என்றும், உயர்தர அறிவியல், தொழில்நுட்பக் கல்வியே அவர்களுக்கு உதவும் என்றும், அக்கல்வி தங்கள் சொந்த வசதிக்கு எட்டாதது என்பதால் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்றும் அதில் வாதிட்டார். இந்தியாவில் அறிவியல், தொழில்நுட்பம் பயிலும் பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஆண்டுதோறும் 2 லட்சம் ரூபாயும், வெளிநாடுகளில் பயில்வோருக்கு 1 லட்சம் ரூபாயும் ஒதுக்குமாறு கேட்டார். 1944 இல் தொடங்கப்பட்ட போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பின்னால் இத்தகைய அழுத்தம் இருந்தது.

சட்டமும் பொருளியலும் பயின்று பேர் பெற்ற ஒருவரே அவற்றைப் பின்னுக்குத் தள்ளி அறிவியலைக் கேட்டார் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தக் கோரிக்கைக்கு இன்றைய திட்டங்கள் எந்த அளவுக்கு ஈடுகொடுக்கின்றன என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

நுழைவாயில்கள்

அறிவியல் பாடங்களில் முதன்மையான வாயில் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வு. வேதியியல், இயற்பியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல் ஆகிய ஐந்து பிரிவுகளில் இது நடைபெறுகிறது. பொதுப்பிரிவினர் முதுகலையில் 55 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கு 50 போதும். இளநிலை ஆய்வாளருக்கான வயது வரம்பிலும் 5 ஆண்டுத் தளர்வு உண்டு. நான்காண்டு பி.இ., பி.டெக். பட்டம் பெற்றோரும் இத்தேர்வை எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இதில் செராமிக் மாணவர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. முன்னர் இருந்த பொறியியல் அறிவியல் பிரிவு பின்னர்க் கைவிடப்பட்டுவிட்டது. எனவே பி.டெக். செராமிக் பயின்றவர் நெட் எழுத விரும்பினால் இயற்பியலிலோ வேதியியலிலோதான் எழுத வேண்டும். அதாவது தாம் நான்காண்டுகள் பயிலாத பாடத்திட்டத்தில், அதையே ஐந்தாண்டுகள் பயின்றவரோடு போட்டியிட வேண்டும். இது ஏதோ தொழில்நுட்பச் சிக்கல் என்று தோன்றலாம். பட்டியல் சாதி மாணவருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை நெட் தேர்வோடு கட்டப்பட்டிருப்பதால் இதன் விளைவு அவர்கள்மீது இரட்டிப்பாக விழுகிறது.

கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அமைகிறது. தமிழ்வழியில் பள்ளி முடித்து, அரசுக் கலைக் கல்லூரியில் பாடத்தைத் தமிழில் விளங்கிக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதப் பழகிய மாணவருக்கு, இந்தியைத் தாய்மொழியாகக் கொண்டவருக்குக் கிடைக்கும் சலுகை கிடைப்பதில்லை. இதைப் பற்றி நம் கட்சிகள் பேசுவது மிகக் குறைவு. நீட் தேர்வுக்கு எழுந்த குரலில் பத்தில் ஒரு பங்குகூட நெட் தேர்வுக்கு எழவில்லை.

பொறியியலாருக்கு உரிய வாயில் கேட் தேர்வு. செராமிக்குக்கெனத் தனித்தாள் இல்லை. பொறியியல் அறிவியல் தாளில் பொருளறிவியல் பகுதியைத் தெரிவு செய்து எழுதுவது இயல்பான வழி. உலோகவியல் தாளையும் சிலர் எழுதுகின்றனர். பட்டியல் சாதியினருக்கு விண்ணப்பக் கட்டணம் பாதி. தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவின் மூன்றில் இரண்டு பங்கு. வயது வரம்பு இல்லை. மதிப்பெண் மூன்றாண்டுகளுக்குச் செல்லும். ஆலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பப் படிக்க வருவோருக்கு இவையெல்லாம் உதவும். கேட் மதிப்பெண்ணுடன் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் கிடைக்கும். ஐஐடி போன்ற இடங்கள் நல்ல மதிப்பெண் பெற்ற பி.டெக். பட்டதாரிகளை நேரடியாகவே முனைவர் ஆய்வுக்கு ஏற்கின்றன.

மூன்றாவது வாயிலை 2022 நவம்பரில் வெளியான யுஜிசியின் முனைவர் பட்ட ஒழுங்குமுறைகள் அகலப்படுத்தின. அவற்றின்படி நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் முதுகலை இன்றியே முனைவர் ஆய்வில் சேரலாம். பட்டியல் சாதியினருக்கு இதில் 5 விழுக்காடு தளர்வு. எம்.ஃபில். நிறுத்தப்பட்டுவிட்டது. பணியில் இருப்போர் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றுடன் பகுதிநேர ஆய்வில் சேர வழியுண்டு. பெண் ஆய்வாளருக்கு 240 நாள் மகப்பேறு விடுப்பும், ஆய்வை முடிக்கக் கூடுதலாக 2 ஆண்டுகளும் உரிமையாக வகுக்கப்பட்டுள்ளன. 2024 ஜூன் முதல் யுஜிசி நெட் மதிப்பெண்ணையே பல்கலைக்கழகச் சேர்க்கைக்கும் பயன்படுத்தும் முறை வந்துள்ளது: உதவித்தொகை வரம்பை எட்டாதவரும் முனைவர் சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறலாம், அவர்களுக்குத் தேர்வுக்கு 70, நேர்காணலுக்கு 30 என மதிப்பெண் பகுக்கப்படும். இந்தத் தகுதி ஓராண்டுக்கு மட்டுமே செல்லும் என்பதை மறந்துவிட வேண்டாம்.

விருத்தாசலத்துப் பட்டய மாணவருக்கு வருவோம். பட்டயம் முடித்தவர் பொறியியல் படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பது தமிழ்நாட்டில் நன்கு நிலைபெற்ற வழி. செராமிக் பிரிவிலேயே இடம் கிடைக்கவில்லை என்றால் வேதிப் பொறியியல், உலோகவியல், இயந்திரவியல் ஆகியவற்றில் சேர்ந்து பின்னர் முனைவர் ஆய்வில் செராமிக் பொருள்களுக்குத் திரும்பலாம். இன்று செராமிக் ஆய்வு செய்வோரில் பெரும்பகுதியினர் செராமிக் பட்டம் பெற்றவர்கள் அல்லர், இயற்பியலாரும் வேதியியலாருமே. உயர்வெப்ப மீக்கடத்தியைக் கண்டறிந்து 1987 இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற பெட்நோர்ட்சும் முல்லரும் ஆராய்ந்தது ஒரு செராமிக் பொருளைத்தான். ஆகவே விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரியில் இயற்பியலோ வேதியியலோ பயிலும் மாணவரும் இந்தப் பாதையிலேயே இருக்கிறார். அவர் இளநிலை இறுதியாண்டிலேயே ஜாம் தேர்வை எழுதினால் ஐஐடிகளில் எம்.எஸ்சி. பயிலும் வாய்ப்பும் திறக்கும்.

பணம் எங்கிருந்து வரும்

அம்பேத்கர் 1913 இல் பரோடா அரசின் உதவித்தொகையுடன் கொலம்பியா சென்றார். அத்தொகை முடிந்தபோது லண்டனில் தொடங்கிய ஆய்வைப் பாதியில் விட்டு 1917 இல் நாடு திரும்ப நேர்ந்தது. மீண்டும் 1920 இல் சென்றுதான் முடித்தார். பணம் நிற்கும் நாளில் ஆய்வும் நிற்கும் என்ற உண்மை அன்றும் இன்றும் ஒன்றே.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை, 2005-06 இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கப்பட்ட திட்டத்தின் தொடர்ச்சி. ஆண்டுக்குப் புதிதாக 2,000 பேருக்கு வழங்கப்படுகிறது. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுகளுக்குப் பின் முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாய் என்பது நடைமுறை விகிதம். வீட்டு வாடகைப்படி தனி. ஐந்தாண்டுக்கும் கணக்கிட்டால் வாடகைப்படி நீங்கலாக 24 லட்சம் ரூபாய். கூலிக் குடும்பத்திலிருந்து வரும் ஒருவருக்கு இத்தொகை ஆய்வுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் ஆதாரம். 24 வயது மகனோ மகளோ இன்னும் படித்துக்கொண்டிருப்பதைப் பெற்றோர் பொறுத்துக்கொள்வதும் பொறுக்க முடியாமல் போவதும் பெரும்பாலும் இந்தத் தொகையைப் பொறுத்தே அமைகிறது.

ஆனால் அந்த 2,000 இடங்களில் 1,500 கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கு. அறிவியலுக்கு 500 மட்டுமே. இந்தியா முழுமைக்கும் 500. சமூக அறிவியலில் நம் ஆய்வாளர்கள் பெருக வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. அங்கே ஓரிடம்கூடக் குறைக்கப்படக் கூடாது. அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் முதன்மைப்படுத்தி 1942 இல் வைக்கப்பட்ட கோரிக்கைக்கு இந்தியக் குடியரசு தந்துள்ள பங்கு நான்கில் ஒன்று என்பதையே சுட்டுகிறோம். ஆய்வுச் செலவுக்கான சில்லறைத் தொகையும் இதே மனநிலையைக் காட்டுகிறது. அறிவியல் பிரிவினருக்கு முதல் இரண்டாண்டுகளில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், அதன்பின் 25,000. மாதக்கணக்கில் முதலில் 1,000 ரூபாய்தான். ஒரு செராமிக் மாதிரியை எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுக்கும் மின்னணு நுண்ணோக்கிக்கும் அனுப்பிக் கட்டணம் செலுத்தியவர்களுக்கு இத்தொகை எத்தனை நாள் தாங்கும் என்பது தெரியும். நெறியாளரிடம் வேறு ஆய்வுத்திட்டப் பணம் இருந்தால் மட்டுமே வேலை நகரும்.

இத்திட்டத்துக்கு நெட் தேர்வு விண்ணப்பத்தை நிரப்பும்போதே உரிய விருப்பத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். தேர்வு முடிந்தபின் வருந்திப் பயனில்லை. பழங்குடி மாணவருக்கான தேசிய உதவித்தொகை வேறு அமைச்சகத்தின் கீழ் 750 பேருக்கு வழங்கப்படுகிறது. அதற்கு நெட் தேவையில்லை, முதுகலை மதிப்பெண்ணே அடிப்படை. பட்டியல் சாதியினருக்கு மட்டும் நெட் ஏன் கட்டாயம் என்று கேட்போருக்கு இதுவரை நிறைவான விடை தரப்படவில்லை.

தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை, முழுநேர முனைவர் ஆய்வாளருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை வழங்குகிறது. குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். மாதத்துக்குப் பகுத்தால் 8,333 ரூபாய். ஒன்றிய அரசுத் தொகையின் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. எனினும் இதற்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு: கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடரும் இதைப் பெறலாம். 1950 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை, 1956 இல் சீக்கியரையும் 1990 இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டபின்னும் தலித் கிறித்தவரை வெளியே நிறுத்தியிருப்பதால் தேசிய உதவித்தொகை அவர்களுக்கு இல்லை. ஒரே சேரியில் அடுத்தடுத்த வீட்டில் வாழும் இரு மாணவரில் ஒருவருக்கு 37,000, மற்றவருக்கு 8,333 என்பது இந்த ஆணையின் அன்றாடப் பொருள்.

நெட், கேட் ஆகியவற்றில் உயர்ந்த இடம் பெற்றால் சிஎஸ்ஐஆர் உதவித்தொகையோ ஐஐடி, என்ஐடி தரும் உதவித்தொகையோ அதே 37,000 விகிதத்தில் கிடைக்கும். பல்கலைக்கழக அளவில் முதலிடம் பெற்றோர் அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பொறியியலாரும் இதில் அடங்குவர். 2018 இல் தொடங்கிய பிரதமர் ஆய்வு உதவித்தொகை மாதம் 70,000 முதல் 80,000 ரூபாயும் ஆண்டுக்கு 2 லட்சம் ஆய்வுச் செலவும் தரும்படி வகுக்கப்பட்டது. நாட்டின் மிக வளமான இந்த உதவித்தொகையில் பட்டியல் சாதியினருக்கெனத் தனி இடங்கள் வகுக்கப்படவில்லை.

வெளிநாட்டில் ஆய்வு செய்ய இரு திட்டங்கள் உள்ளன. ஒன்றிய அரசின் தேசிய அயலக உதவித்தொகையில் மொத்தம் 125 இடங்கள். அவற்றுள் 115 பட்டியல் சாதியினருக்கு. 2022 முதல் இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் குறித்த ஆய்வுத் தலைப்புகளுக்கு இதில் தடை விதிக்கப்பட்டது. சாதியை வெளிநாட்டில் ஆராய்வதை அரசு விரும்பவில்லை என்பதன்றி வேறு பொருள் கொள்ள இயலவில்லை. அறிவியலாரை இத்தடை தொடவில்லை. அதற்காக அவர்கள் அதை எதிர்க்காமல் இருக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. செராமிக், பொருளறிவியல் ஆய்வில் ஜெர்மனியும் ஜப்பானும் முன்னணியில் உள்ளன; ஜெர்மனியில் முனைவர் ஆய்வாளர் பலர் ஊதியம் பெறும் பணியாளராகவே அமர்த்தப்படுவதால் இத்திட்டங்களின்றியும் முயலலாம்.

இடஒதுக்கீடு எங்கே நிற்கிறது

ஒன்றிய அரசு நிறுவனங்களின் சேர்க்கையில் 2006 ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் சாதியினருக்கு 15 விழுக்காட்டை உறுதி செய்கிறது. முனைவர் சேர்க்கையும் இதில் அடங்கும். ஆயினும் 2015 முதல் 2019 வரை ஐஐடிகளில் முனைவர் ஆய்வுக்குச் சேர்க்கப்பட்ட 25,007 இடங்களில் பட்டியல் சாதியினர் பெற்றது 9.1 விழுக்காடு, பழங்குடியினர் பெற்றது 2.1 விழுக்காடு. ஒன்றிய அரசே வெளிப்படுத்திய கணக்கு இது. தகுதியானோர் கிடைக்கவில்லை என்பதே வழக்கமான விடை. எத்தனை பேர் விண்ணப்பித்தனர், எத்தனை பேர் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டனர், அங்கே யார் எவ்வளவு மதிப்பெண் இட்டனர் என்று துறைவாரியாகக் கேட்டால் அந்த விடையின் பொய்மை வெளிப்படும்.

அச்சட்டத்தின் 4 ஆம் பிரிவைப் பலர் அறியார். அட்டவணையில் இடம்பெற்ற சில ஆய்வு நிறுவனங்களுக்கு அது விலக்கு அளிக்கிறது. ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் உறுப்புகளும் அந்த அட்டவணையில் உள்ளன. கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், சென்னையிலுள்ள கணித அறிவியல் நிறுவனம் ஆகிய இரண்டும் அவ்வுறுப்புகளே. உயர்வெப்பம் தாங்கும் பொருள்கள் குறித்த ஆய்வு நடக்கும் கல்பாக்கம், விருத்தாசலத்திலிருந்து ஓர் அரைநாள் பயணத் தொலைவு. அங்கே முனைவர் சேர்க்கையில் இடஒதுக்கீடு சட்டக் கட்டாயமில்லை. உயர்சிறப்பு என்ற சொல்லுக்கும் நம்மவரின் இருப்புக்கும் ஒத்துவராது என்ற எண்ணம் நாடாளுமன்றத்தின் சட்டமாகவே நிற்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், சென்னையின் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கொல்கத்தாவின் மத்திய கண்ணாடி மற்றும் செராமிக் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற சிஎஸ்ஐஆர் ஆய்வகங்களுக்கு அந்த விலக்கு இல்லை. அறிவியல் மற்றும் புத்தாக்க ஆய்வுக் கழகமான ஆக்சிர் வழியாக நடக்கும் இவற்றின் சேர்க்கையில் ஒதுக்கீடு உண்டு. விருத்தாசலத்து மாணவருக்கு நாம் முதலில் சுட்டுவது கொல்கத்தாவையும் காரைக்குடியையும்தான்: முன்னது அவருடைய துறைக்கே உரிய தேசிய ஆய்வகம், பின்னது மின்கலங்களில் பயன்படும் செராமிக் மின்பகுளிகள் போன்ற புதிய களங்களுக்கு அருகிலுள்ளது, வீட்டிலிருந்தும் எட்டக்கூடியது.

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் 69 விழுக்காடு ஒதுக்கீட்டுச் சட்டத்தின்படி பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு. தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் 2006 சட்டத்துக்குள் வரவில்லை. இன்று தமிழ்நாட்டில் முனைவர் பட்டங்களைப் பெருமளவில் வழங்கும் வரிசையில் அவையும் இருப்பதால் இவ்விடைவெளி ஆண்டுதோறும் அகல்கிறது.

நெறியாளர் என்னும் வாயில்

மேற்கண்ட எல்லாவற்றையும் கடந்தபின்னும் ஒருவர் மட்டும் எஞ்சுகிறார். பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் நெறியாளராக இருக்கலாம் என்பது விதி. யாரை ஏற்பது என்பது நடைமுறையில் அவர் விருப்பம். பதிவுக்கு முன்பே நெறியாளரின் ஒப்புதல் கடிதம் கேட்கப்படும் இடங்களில் ஒதுக்கீடு அந்தக் கடிதத்தின் வாசலிலேயே முடிந்துவிடுகிறது. எழுத்தில் மறுப்பு இருக்காது; இடமில்லை, இந்த ஆண்டு எடுக்கவில்லை, அடுத்த பருவத்தில் வாருங்கள் என்பனவே மறுப்பின் வடிவங்கள். முன்னணி ஐஐடிகளிலும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் பேராசிரியர் நிலையில் தலித்துகளும் பழங்குடியினரும் 1 விழுக்காட்டுக்கும் குறைவு என 2023 இல் நேச்சர் இதழ் எழுதியது. நெறியாளர் வாயிலில் நிற்போர் யார் என்பதை அந்த எண் சொல்லும்.

இதன் விலையைத் தமிழ்நாடு அறியும். சேலம் மாவட்டத்தின் பன்னியாண்டிச் சமூகத்திலிருந்து ஐதராபாத் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் முனைவர் ஆய்வுக்குச் சென்ற செந்தில்குமார் 2008 பிப்ரவரியில் இறந்தார். அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படாமலே காலம் கழிந்திருந்தது. பல்கலைக்கழகம் அமைத்த வினோத் பாவரலா குழு, அத்துறையின் நடைமுறைகளில் இருந்த தெளிவின்மையையும், துறை தங்களுக்கு எதிராக நடந்துகொள்வதாகப் பட்டியல் சாதி மாணவர்கள் உணர்ந்ததையும் பதிவு செய்தது. அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலாவை இழந்தோம். அவருக்கு ஏழு மாத உதவித்தொகை நிலுவையில் இருந்தது. நெறியாளரும் உதவித்தொகையும் நிர்வாக விவரங்கள் மட்டுமே என்று எண்ணுவோர் இவ்விரு பெயர்களையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆகவே ஆய்வகத்தைத் தெரிவு செய்யும்போது அதன் தரவரிசையை மட்டும் பார்க்க வேண்டாம் என்கிறோம். அங்கே முன்னர்ச் சேர்ந்த பட்டியல் சாதி ஆய்வாளர் எத்தனை பேர் முடித்து வெளியேறினர், எத்தனை ஆண்டுகளில் முடித்தனர், கட்டுரைகளில் அவர்கள் பெயர் முதலில் வந்ததா என விசாரித்துச் சேர்வது நலம். அம்பேத்கர் பெயரிலான மாணவர் வட்டங்கள் பல வளாகங்களில் உள்ளன. விண்ணப்பிக்கும் முன்பே அவர்களோடு பேசலாம்.

எதை ஆராயலாம்

ஊர் மண்ணே தலைப்புகளைத் தருகிறது. நெய்வேலி அனல்மின் நிலையச் சாம்பலைச் செராமிக் கலவையில் எந்த அளவுக்குச் சேர்க்கலாம், சூளையில் வீணாகும் வெப்பத்தை எப்படி மீட்கலாம், உடைந்த பீங்கானை மீண்டும் மூலப்பொருளாக்குவது எங்ஙனம், ஈயமில்லாத மெருகுப்பூச்சு சிறு ஆலைகளுக்குக் கட்டுப்படியாகுமா என்பவை எல்லாம் திறந்த கேள்விகள். மற்றொன்றை இங்குத் தனித்துச் சொல்ல வேண்டும். பீங்கான் கலவையில் களிமண்ணோடு குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் சேர்கின்றன. குவார்ட்சு அரைக்கப்படும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் மீளா நோயைத் தருகிறது. ஆலைத் தூசியில் எத்துணை நுண்ணிய துகள்கள் எவ்வளவு உள்ளன, ஈர முறையில் அரைத்தால் எவ்வளவு குறையும் என்பது பொருளறிவியலுக்கும் தொழில்சார் மருத்துவத்துக்கும் நடுவில் நிற்கும் ஆய்வு. அத்தூசியைச் சுவாசித்தவர்களின் வீட்டிலிருந்து வரும் ஓர் ஆய்வாளர் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும் என நம்புகிறோம்.

உள்ளூர்த் தலைப்பு என்றால் மதிப்புக் குறைவு என்று நேர்காணலில் சொல்லப்படுவதுண்டு. எரிபொருள் கலத்துக்கான சிர்கோனியா, எலும்புக்கான ஹைட்ராக்சி அபடைட் என உலகளாவிய களங்களும் நம்முடையவையே. எதைத் தெரிவு செய்வது என்ற உரிமை மாணவருக்கு இருக்க வேண்டும். பட்டியல் சாதி மாணவர் என்றால் மண்பாண்டத்தையோ கழிவையோதான் ஆராய வேண்டும் என ஒதுக்குவதும் ஒரு வகைச் சாதியமே.

மறுக்கப்படும்போது

யுஜிசி ஒழுங்குமுறைகளின்படி ஒவ்வொரு நிறுவனமும் முனைவர் இடங்களின் எண்ணிக்கையையும், நெறியாளர் பட்டியலையும், அவர்களது துறையையும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். வெளியிடாத இடங்களில் செயற்பாட்டாளர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்துடன் கேட்கலாம். கேட்க வேண்டியவை: கடந்த ஐந்தாண்டுகளில் துறைவாரியாகவும் நெறியாளர்வாரியாகவும் நிரப்பப்பட்ட இடங்கள், அவற்றின் சமூகவாரிப் பகுப்பு, நேர்காணலுக்கு அழைக்கப்பட்டோர் எண்ணிக்கை, எழுத்துத்தேர்வு மதிப்பெண்ணும் நேர்காணல் மதிப்பெண்ணும் தனித்தனியாக, பின்னடைவாக விடப்பட்ட ஒதுக்கீட்டு இடங்கள் என்ன ஆயின என்பது. 30 நாளில் விடை வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

தனிப்பட்ட மறுப்புக்கு, 2012 ஆம் ஆண்டு யுஜிசி சமத்துவ ஒழுங்குமுறைகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் பாகுபாட்டுக்கு எதிரான அலுவலர் ஒருவரை அமர்த்தக் கூறுகின்றன. அங்குப் பயனில்லை எனில் தேசிய பட்டியல் சாதியினர் ஆணையத்துக்கு எழுதலாம். விசாரணையில் உரிமையியல் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்கள் அதற்கு உண்டு. தமிழ்நாட்டிலும் 2021 முதல் மாநில ஆணையம் செயல்படுகிறது. வாய்மொழியாகச் சொல்லப்பட்ட மறுப்பை அன்றே ஒரு மின்னஞ்சலாக எழுதி, நீங்கள் கூறியதை இவ்வாறு புரிந்துகொண்டேன் என நெறியாளருக்கும் துறைத்தலைவருக்கும் அனுப்பி வைப்பது பின்னர்ச் சான்றாகப் பயன்படும். சாதிச் சான்றிதழை ஒன்றிய அரசுப் படிவத்திலும் பெற்று வைத்திருப்பது, வருமானச் சான்றை ஆண்டுதோறும் புதுப்பிப்பது ஆகியவற்றை நெட் விண்ணப்பம் வரும்வரை தள்ளிப்போட வேண்டாம். நெட் ஆண்டுக்கு இருமுறை, ஜூன் மற்றும் டிசம்பர் சுற்றுகளாக வருகிறது. பிப்ரவரியில் நடக்கும் கேட் தேர்வுக்கான பதிவு முந்தைய ஆண்டின் ஆகஸ்டு, செப்டம்பரிலேயே முடிந்துவிடுகிறது.